கூடி ஆடினால் கூடிக் கற்கலாம்

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், "போனை உள்ளே வை" என்பதுதான் நாம் முதலில் சொல்வது. அந்தப் போனுக்கே ஒரு வேலை கொடுத்தால் என்ன?

அமெரிக்காவின் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 2000-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டை நடத்தினர். கற்பனைத் திருட்டு ஒன்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் கைக்கணினியுடன் துப்பறிய வேண்டும். ஆளுக்கொரு பொறுப்பு, தகவலைப் பகிர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

ரயில்வேக்காரனான எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒற்றைப் பாதையில் இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒத்துழைத்தால்தானே கருவியிலிருந்து டோக்கன் வெளியே வரும்!

நம் புனேயின் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இதற்கு ஏற்ற இடம். இளவயதில் மறைந்த மகன் ராஜாவின் நினைவாகக் கேள்கர் உருவாக்கியது அது. அங்கிருப்பவை விளக்கு, பாக்குவெட்டி, அடுக்களைப் பாத்திரம் என வீட்டில் புழங்கிய பொருள்கள்.

பேரனின் போனில் 'அட்கித்தா' என்ற மராத்திப் பெயர் வரட்டும். பாட்டியின் போனில் அதன் உபயோகம் தமிழில் வரட்டும். பேரனுக்கு மராத்தி தெரியும். பாட்டிக்குப் பாக்குவெட்டியைப் பிடிக்கத் தெரியும். இருவரும் பேசினால்தான் பொருள் கிட்டும். இருவர் போனிலும் ஒரே தகவல் வந்தால் பேச்சுக்கு இடமில்லை. ஆளுக்கொரு திரையைப் பார்த்து நிற்பார்கள்.

வீட்டிலும் தாத்தா பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் பேசுவது குறைந்துவருகிறது. தமிழும் அத்துடன் தேய்கிறது. நம் சங்கத்தில் கணினி கற்ற இளைஞர்கள் ஏராளம். அருங்காட்சியகத்தாரின் அனுமதி பெற்று, பத்தே பொருள்களுடன் அவர்கள் தொடங்கலாம். கேள்விகளைத் தயாரிக்க எங்களைப் போன்ற முதியவர்கள் தயார்.