ஆளவா, காக்கவா?

2025-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி ரோமாபுரிக்கு அருகிலுள்ள காஸ்டல் கண்டோல்போ தோட்டத்தில், திறந்த வெளியில் ஒரு பூசை நடந்தது. நடத்தியவர் போப்பாண்டவர் பதினான்காம் லியோ. கடவுளின் சிருஷ்டியைப் பேணிக் காப்பதற்கென்றே வாடிகன் அந்த மாதம் வெளியிட்ட புதிய பூசை அது.

இதற்கென்று தனியாக ஒரு பூசை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இதன் பின்னணியில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

1967-ஆம் ஆண்டில் லின் ஒயிட் என்ற அமெரிக்க சரித்திர ஆசிரியர் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கை படும் பாட்டுக்கு மேல்நாட்டுக் கிறிஸ்தவ சமயம் பெரிதும் பொறுப்பாளி என்பது அவருடைய குற்றச்சாட்டு. பைபிளின் முதல் அத்தியாயத்திலேயே மீனையும் பறவையையும் மிருகங்களையும் ஆளும் உரிமை மனிதனுக்குத் தரப்படுகிறது. உலகமே தனக்காகத்தான் என்ற எண்ணம் இப்படி வேரூன்றியது என்றார் அவர். ஒயிட் சமய விரோதி அல்லர். அசிசி நகரத்து பிரான்சிஸைப் பின்பற்றுங்கள் என்று சொன்னவர்.

குற்றச்சாட்டை அடியோடு தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவர்கள் சில சமயம் வேதத்துக்குத் தவறாகப் பொருள் கொண்டதுண்டு என்று போப்பாண்டவர் பிரான்சிஸே 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த அத்தியாயத்தைப் பாருங்கள். அங்கே மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுவது, அதில் பாடுபடவும் அதைக் காக்கவும்தான். 'ஆளுதல்' என்பதற்கு உள்ள எபிரேயச் சொல் 72-ஆம் சங்கீதத்தில் அரசனுக்கும் வருகிறது. அந்த அரசனின் கடமையோ ஏழைகளைக் காப்பாற்றுவது!

எனினும், சொல்லுக்குச் சொல் வாதாடினால் வழக்குத் தீராது. வேதத்தின் உண்மையான பதில் அதன் சட்டங்களில் இருக்கிறது. ஆறு வருஷம் விதைத்த நிலத்தை ஏழாம் வருஷம் தரிசாக விட வேண்டும் என்கிறது லேவியராகமம். நிலம் கடவுளுடையது, மனிதன் அதில் குடியிருப்பவனே என்றும் சொல்லுகிறது. பகைவரின் நகரத்தை முற்றுகையிடும்போதுகூடக் கனி தரும் மரங்களை வெட்டலாகாது என்பது உபாகமத்தின் கட்டளை. வயிற்றுப் பாட்டுக்கும் எல்லை உண்டு, யுத்தத்துக்கும் எல்லை உண்டு!

இந்தச் சட்டங்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. இவற்றைக் கைக்கொண்டால் கைப்பணம் குறையும். ஆகவேதான் இன்றைய சோதனை பூசை மேடையோடு முடிவதில்லை. கணக்குப் புத்தகத்திலும் நடக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களை நிர்வகிப்பவர்கள் ஒரு முடிவை அறிவித்தார்கள். உலக வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் உயராமல் தடுக்கும் இலக்குக்கு ஏற்ப நடக்காத பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் இனிப் பணம் போடுவதில்லை என்பதே அது. அதற்கு முன் பல ஆண்டுகள் அந்தக் கம்பெனிகளிடம் பேசிப் பார்த்தார்கள்; பலன் போதவில்லை.

வருமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும். ஏழாம் வருஷத்தில் ஏரை நிறுத்திய உழவனுக்கு அது இருந்தது. கணக்குப் புத்தகத்தின் முன் உட்காரும் நமக்கு இருக்கிறதா?