நூலுக்குக் கையேந்தும் நாடு

ஆடை ஏற்றுமதியில் இலங்கை தலைநிமிர்ந்து நிற்கின்றது என்று ஆட்சிபீடமேறுவோர் ஒவ்வொருவரும் மேடைதோறும் முழங்குகின்றனர். 2024ஆம் ஆண்டில் 450 கோடி டொலருக்கு மேற்பட்ட ஆடைகள் கடல் கடந்து சென்றன என்பது உண்மையே. ஆயின், அவ்வாடைகளுக்குரிய துணி எங்கே நெய்யப்பட்டது, அத்துணிக்குரிய நூல் எங்கே நூற்கப்பட்டது என்று கேட்பாரைக் காணோம். துணியும் நூலும் வாங்குவதற்கென்றே ஆண்டுதோறும் 200 கோடி டொலருக்கு மேல் இந்நாட்டை விட்டு வெளியேறுகின்றது. பிறர் நூற்ற நூலை, பெரும்பாலும் பிறர் நெய்த துணியை, வெட்டித் தைத்துக் கொடுத்துக் கூலி பெறுகின்றோம். இதற்குக் கைத்தொழில் வளர்ச்சி என்று பெயர் சூட்டியிருக்கின்றனர்!

நூல் பிறக்கும் வகையை அறிந்தோர்க்கே நாம் இழப்பது எதுவென விளங்கும். பருத்திப் பஞ்சின் தனி இழை ஏறக்குறைய ஓர் அங்குல நீளமே உடையது, ஊதினாற் பறந்துவிடும். கொட்டை நீக்கி, தூசி போக்கி, சிக்கெடுத்து, இழைகளை ஒரு திசைப்படச் சீவி, திரியாக்கி, அத்திரியை இழுத்து மெலிவித்து, முறுக்கேற்றும்போதே அது நூலாகின்றது. குட்டை இழைகளை ஒன்றோடொன்று பிணித்து நிற்பது அந்த முறுக்கே. முறுக்குக் குறைந்தால் நூல் அறும், மிகுந்தால் சுருளும். 840 யார் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்து ஓர் இறாத்தல் எடை ஆகின்றனவோ, அத்தொகையே பருத்தி நூலின் இலக்கம். நாற்பதாம் இலக்க நூல் ஓர் இறாத்தலை நீட்டினால் 33,600 யார். அதாவது 19 மைல். ஓர் இறாத்தல் பஞ்சுக்கும் அந்தப் பத்தொன்பது மைல் நூலுக்கும் இடையே உள்ள அறிவும் உழைப்பும் இலாபமும் இன்று அந்நியருக்கே உரியன.

"பருத்தி விளையாத நாட்டில் நூற்பாலை எதற்கு?" என்பார் உளர். ஒரு பருத்திச் செடிதானும் பயிராகாத லங்காஷயர் உலகுக்கெல்லாம் நூலும் துணியும் விற்ற வரலாற்றை அவர்கள் மறந்தனர் போலும். அன்றியும், இழை இன்று வயலில் மட்டும் விளைவதில்லை. பட்டுப்புழு பல நூறு யார் நீண்ட இழையைக் கக்குவதைக் கண்ட மனிதன், தானும் அவ்வாறு செய்ய முயன்றான். மரக்கூழைக் காரத்திற் பதப்படுத்திக் கரைத்து, நுண்துளைகளின் வழியே அமிலத்தொட்டியுட் செலுத்தி இழையாக்கும் விஸ்கோஸ் முறைக்கு 1892இல் ஆங்கிலேயர் மூவர் காப்புரிமை பெற்றனர். 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் நைலோனை ஆக்கினார். 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் டிக்சனும் பொலியெஸ்தரைக் கண்டனர். எண்ணெயிலிருந்து பெறும் பொருள்களால் ஆக்கிய குழம்பை உருக்கிப் பிதுக்கி, குளிரச் செய்து, இழுத்து நீட்டினால் இழை கிடைக்கின்றது. அதனைப் பஞ்சின் அளவுக்கு வெட்டிப் பருத்தியோடு கலந்தும் நூற்கின்றனர். இன்று உலகில் உற்பத்தியாகும் இழையிற் பாதிக்கு மேல் பொலியெஸ்தரே. பருத்தி ஐந்தில் ஒரு பங்கு அளவினது. ஆகவே மண்ணைச் சாட்டாகக் கூறுவது இனிப் பொருந்தாது.

இந்நாட்டுக்கு நூற்பு புதிதுமன்று. வெள்ளவத்தையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நூற்பாலை எழுந்தது. சுதந்திரத்தின் பின் வேயங்கொடையிலும் துல்கிரியவிலும் அரசினர் ஆலைகள் எழுந்தன. 1977இல் இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டபின், மலிவுத் துணியின் முன் ஆயிரக்கணக்கான கைத்தறிகள் ஓய்ந்தன. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறியைக் கைவிடாத நெசவாளர், பிறநாட்டு நூலையே நம்பிப் பாவு ஓட்டுகின்றனர். 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, அந்த வீழ்ச்சியின் சுமை அவர்கள் வாங்கும் ஒவ்வொரு சிட்டத்தின் மேலும் ஏறியது. தறி நெசவாளனுடையது, அவன் தறியை ஓட்டவும் நிறுத்தவும் வல்லவன் நூல் வியாபாரி!

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகையை 2010இல் இழந்த இலங்கை, 2017இல் அதனை மீண்டும் பெற்றது. ஆனால், பிறநாட்டுத் துணியை வாங்கித் தைத்து அனுப்புவதால் மட்டும் பொதுவாக அச்சலுகை கிட்டாது. துணியும் இங்கேயே ஆக்கப்பட வேண்டும் என்பது விதி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போவதன் காரணம் இதுவே.

இந்நிலையில் எமது கமக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. கொட்டை நீக்கும் ஆலையும், வாங்குவோரும், விலை உறுதியும் இல்லாமல் பருத்தி விதைக்கச் சொல்வோரை நம்பவேண்டாம். தென்னந்தும்பு கயிற்றுக்கும் பாய்க்கும், பனந்தும்பு தூரிகைக்கும் உரியன. இவற்றால் வேட்டி நெய்யலாம் என்று ஆசை காட்டுவது ஏமாற்று. முதலில் ஆலை, பின்னர் பயிர்.

அரசிடம் நாம் வேண்டுவன மூன்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நியாய விலையில் நூல் வழங்கும் களஞ்சியங்கள் கிழக்கிலும் வடக்கிலும் வேண்டும். விற்கும் ஒவ்வொரு சிட்டத்திலும் இலக்கமும் இழைக்கலப்பும் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கப்பட வேண்டும். பருத்தி என்று சொல்லிப் பொலியெஸ்தர் விற்பது ஒழியும். அச்சங்களும் பங்குகொள்ளும் நூற்பாலை ஒன்று எமது மண்ணில் எழவேண்டும்.

அரசு செய்யும் என்று வாளாவிருத்தலும் தகாது. எம்மிடையே பொறியியலாளர் உளர். இரசாயனம் கற்றோர் உளர். வங்கிக் கணக்குகளை அலசத் தெரிந்தோர் உளர். அவர்கள் ஒன்றுகூடி, ஆலைக்கு வேண்டிய முதல் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, நூலை வாங்குவோர் யாவர் என்று கணக்கிட்டு மக்கள் முன் வைக்கட்டும். ஊசியோடு நின்றுவிட்ட இனம் கூலியோடு நின்றுவிடும். கதிரைக் கையில் எடுப்போமாக!