ஜூன் மாதத்துத் தினங்களும் நமது கடைகளும்

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் கடைத்தெருவில் நன்கொடைப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களும் நடமாடத் தொடங்கிவிடும். 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினம், 7 உணவுப் பாதுகாப்புத் தினம், 12 சிறுவர் தொழிலுக்கு எதிரான தினம், 14 இரத்த தான தினம், 26 போதைப்பொருள் எதிர்ப்புத் தினம். 27ஆம் திகதி நம்மைப் போன்ற சிறு, நடுத்தர வியாபாரங்களுக்கென 2017இல் ஐக்கிய நாடுகள் சபை ஒதுக்கிய தினம். இதற்கு மட்டும் எவரும் பற்றுச்சீட்டோடு வந்ததை நான் காணவில்லை.

கேட்டு வருபவர்களுக்கு நாமும் லாச்சியைத் திறந்து ஐந்நூறோ ஆயிரமோ கொடுக்கிறோம். பதாகையின் அடியில் கடைப் பெயரைப் போடச் சொல்கிறோம். அத்தோடு கடமை முடிந்தது என்று நினைப்பு. கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கொடுத்த பிறகு கடைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பொலித்தீனை எடுத்துக்கொள்வோம். 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் 2007ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே வருடம் செப்டெம்பரில் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைக்குள் வந்தன. ஒவ்வொரு முறையும் நாம் செய்ததென்ன? கால அவகாசம் கேட்டோம். பழைய ஸ்டொக்கை மேசைக்குக் கீழே வைத்து முடித்தோம். "பொலித்தீனைத் தவிர்ப்போம்" என்று என் கடை வாசலில் கட்டிய பதாகையின் கீழே நின்றுகொண்டே நாள் முழுக்க சிலிசிலி பேக்கில் சாமான் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தப் பதாகையும் பிளாஸ்டிக்தான்.

பேக்குக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது அந்தப் பயம் போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்! வாரம் ஒரு கட்டு முடிந்த என் கடையில் இப்போது அரைக் கட்டே மிஞ்சுகிறது. வாப்பா காலத்துப் பன் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். கடைத்தெருவார் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தால் இதைப் பத்து வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். சட்டம் வரும் வரை காத்திருந்ததில் நமக்குத்தான் நட்டம்.

12ஆம் திகதியைப் பற்றி எழுதுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். ஊரிலிருந்து பொடியன் ஒருவனைக் கூட்டி வந்து கடையில் நிறுத்துவது நமது வியாபாரத்தில் நெடுநாள் வழக்கம். "தொழில் படிக்கிறான்" என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். 2004ஆம் வருடம் என் கடையிலும் ஒருவன் நின்றான், பதினைந்து வயது. அவனுடைய உம்மாதான் கொண்டுவந்து விட்டார். நான் உபகாரம் செய்வதாகவே நினைத்தேன். கணக்கில் அப்படியொரு கெட்டிக்காரன். நான் கல்குலேட்டரைத் தேடுவதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவான். அந்த வருடம் சிறுவர் தொழில் எதிர்ப்பு ஊர்வலத்துக்கு நன்கொடை கொடுத்த கையோடு அவனை அரிசி மூட்டை இறக்க லொறிக்கு அனுப்பினேன். சட்டப்படி அன்று அது பிழையில்லை, வயதெல்லை 14ஆகத்தான் இருந்தது. 2021இல்தான் 16 ஆக்கினார்கள். ஆனால் அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. இன்று இன்னொருவர் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்கிறான். என்னைக் கண்டால் இன்னமும் மரியாதையாக "முதலாளி" என்றுதான் கூப்பிடுகிறான். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

பதினாறுக்குக் குறைந்த பிள்ளை எவரது கடையிலாவது இன்றும் நின்றால், அடுத்த ஜூன் மாதத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே அவனுடைய வீட்டாரோடு பேசுங்கள். குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் தேவை என்பது உண்மைதான். அப்படியானால் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

பதாகைகளுக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து, அப்படிப்பட்ட ஒரு பிள்ளையையாவது சாதாரண தரம் வரை படிப்பிக்கலாம், என் பங்கை இனி அதற்கே தருகிறேன் என்று எங்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் பேசிப் பார்ப்போம் என்றார். கூட்டம் இன்னும் வைக்கவில்லை.