மாங்காய்ப்பாலும் மந்திர வியாபாரமும்



சாசின், அலோர்காசா வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் ‘எளிய உரை’ என்னும் பெயரில் சித்தர் நூல்களைக் காண்கிறேன். பரிபாசையில் அமைந்த பாடலைக் கிழித்து, நோய்க்கு மருந்தென்றும் பகைக்கு மந்திரமென்றும் அச்சிட்டுள்ளனர். இது உரையன்று, திரிபு. குதம்பைச் சித்தர் கூறும் மாங்காய்ப்பால், யோகத்தில் ஊறும் அமுதம் என்பர் உரைகாரர். பாலென்றால் பால்மரத்தையே நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இதை யார் சொல்வது? இரசம், பாடாணம் என்று வருமிடத்தில் பிழைபடப் படித்தால் உயிருக்கே கேடு!

மேலைநாட்டிலும் இத்தகைய நூல்கள் உண்டு. எர்மெசு நூல்களை 1463-இல் இத்தாலியரான பிச்சினோ இலத்தீனில் பெயர்த்தார். அவை மோசே காலத்துப் பழமையுடையன என்றே அன்று நம்பினர். 1614-இல் கசோபன் என்னும் அறிஞர், கிரேக்க நடையைக் கொண்டே அவை கிறித்துவுக்குப் பிற்பட்டவை எனக் காட்டினார். 1992-இல் அவற்றை ஆங்கிலத்தில் தந்த கோபன்ஏவர், இந்த வரலாற்றை மறைக்கவில்லை. நம்மவரோ, ‘போகர் ஏழாயிரம்’ நூலின் நடை பிற்காலத்தது என்பதை வாய்திறந்து சொல்வதில்லை. சொன்னால் விற்காதே!

பெயர்க்க வேண்டாம் என்பதன்று என் வாதம். மூலத்தை உடன் அச்சிடுக. பரிபாசைச் சொல்லின் பல பொருளையும் தருக. நஞ்சை நஞ்சென்றே எழுதுக. இவை இல்லாத நூலை, நன்கொடையாகத் தந்தாலும் எம் பள்ளி நூலகத்தில் அடுக்க ஒப்பேன்.