ஏட்டுச் சுரைக்காயும் கணினிப் பரீட்சையும்

உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கணினித்துறைச் சான்றிதழ் ஒன்றுக்குப் படிக்கவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களிற் பெருகிவருகின்றது. நல்ல வழக்கமே. ஆயின், அதற்குப் படிக்கும் முறையில் ஒரு பெருந்தவறு வேரூன்றியுள்ளது. சரித்திர பாடத்தின் ஆண்டுகளை மனனஞ் செய்வது போலக் கணினிக் கட்டளைகளையும் மனனஞ் செய்துவிட்டாற் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இத்துறையைப் போல் உடனே உணர்த்திவிடும் துறை வேறொன்றில்லை எனலாம்.

முதலிற் பரீட்சையின் இயல்பை நோக்குவோம். லினக்ஸ் கணினிகளை நிருவகிப்போருக்கு றெட் ஹற் நிறுவனம் நடத்தும் அடிப்படைப் பரீட்சையில், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினா ஒன்றுகூட இல்லை. இயங்கும் கணினி ஒன்றைப் பரீட்சார்த்தியிடம் ஒப்படைத்து, செய்துமுடிக்கவேண்டிய பணிகளைக் கூறுவார்கள். பயனர் கணக்குகளைத் திறத்தல், சேமிப்பிடத்தைப் பகுத்தல், பாதுகாப்பு அரணை அமைத்தல் முதலியன அப்பணிகள். இணையம் கிடையாது, கணினியுடன் வரும் கைநூல்களை மட்டும் புரட்டலாம். 300 புள்ளிகளுள் 210 பெற்றாற் சித்தி. கணினியை மீண்டும் இயக்கிய பின்னரும் செய்த வேலை நிலைத்திருக்கவேண்டும். இல்லையேல் அதற்குப் புள்ளி இல்லை.

இங்கே கட்டணத்தையும் மறத்தலாகாது. சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புப் பரீட்சைக்கு 300 அமெரிக்க டொலர் செலுத்தவேண்டும். நம் நாட்டு நாணயத்தில் அது பல வீடுகளின் ஒரு மாதச் சீவியச் செலவு. தவறினால் மறுமுறையும் முழுக் கட்டணமே. ஆகவே, எவ்வாறு படிப்பது என்பது மாணவனின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று; குடும்பத்தின் பணப்பையையும் பொறுத்தது.

யான் அறிந்த இளைஞர் ஒருவர் நூற்றுக்கணக்கான வினாக்களை விடையுடன் நெட்டுருப் பண்ணிச் சான்றிதழும் பெற்றார். நேர்முகப் பரீட்சையில் அவர் முன் ஒரு ரவுட்டரை வைத்து, அதன் ஒரு வாயிலுக்கு முகவரியிட்டு இயக்கிக் காட்டுமாறு கேட்டனர். முகவரியிட்டார், வாயில் உயிர்பெறவில்லை. சிஸ்கோ ரவுட்டரின் வாயில்கள் தொடக்கத்தில் மூடியே இருக்கும் என்பதும், 'நோ ஷட்டவுன்' என்ற கட்டளையினாலேயே அவை திறக்கும் என்பதும் அவர் படித்தவையே. வாய்க்கு வந்தது கைக்கு வரவில்லை. அவ்வேலை வேறொருவருக்குப் போயிற்று.

நிற்க. செய்து பழகுவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே என்று பெற்றோர் கேட்பர். வேண்டியதில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் பக்கெற் ட்ரேசர் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. ரவுட்டர், சுவிட்ச், கம்பி யாவும் அதன் திரையிலேயே உள. வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற இலவச மென்பொருளினால் ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை அமைக்கலாம். றெட் ஹற்றின் லினக்ஸை ஒத்த அல்மாலினக்ஸ், றொக்கிலினக்ஸ் இரண்டும் 2021 முதல் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. 8 கிகாபைற் நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்றே தொடங்குவதற்குப் போதும்.

இரு பயிற்சிகளைச் சொல்கின்றேன். மாணவர்கள் இன்றே செய்துபார்க்கலாம்.

முதலாவது: பக்கெற் ட்ரேசரில் ஒரே சுவிட்சில் இரு கணினிகளை இணையுங்கள். ஒன்றுக்கு 192.168.1.10, மற்றதற்கு 192.168.1.200 என முகவரியிட்டு, இரண்டுக்கும் 255.255.255.0 என்ற வலை மறைப்பை இடுங்கள். 'பிங்' கட்டளை கொடுத்தால் மறுமொழி வரும். இனி மறைப்பை மட்டும் 255.255.255.128 என இரண்டிலும் மாற்றுங்கள். கம்பி அதே, சுவிட்ச் அதே, மறுமொழி மட்டும் வாராது. ஏன்? இப்போது ஒரு வலை 127 வரையும், மற்றது 128 முதலும் எனப் பிரிந்துவிட்டது. இடையிலே ரவுட்டர் இல்லாமல் ஒன்று மற்றதை எட்டமுடியாது. பல பக்கங்களைப் படித்தும் தெளியாத கூறுவலைக் கணக்கு இவ்வொரு தோல்வியினால் தெளிந்துவிடும்.

இரண்டாவது: லினக்ஸிற் புதிய சேமிப்புப் பகுதி ஒன்றை உருவாக்கிக் கட்டளை மூலம் இணையுங்கள். கணினியை மீண்டும் இயக்கினால் அவ்விணைப்பு மறைந்திருக்கும். 'எஃப்எஸ்டாப்' என்னும் கோப்பிற் பதியாமையே காரணம். அதிற் பிழையாகப் பதிந்தாலோ, கணினி முழுதும் எழாமல் அவசர நிலையில் நின்றுவிடவுங்கூடும். அதனை மீட்கப் பழகுங்கள். பரீட்சை மண்டபத்தில் அப்பிழை நேரின் கை நடுங்காது.

பயிலும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். பரீட்சை நடத்துவோர் வெளியிடும் பாடவிதானத்தை அச்சிட்டு, ஒவ்வொரு தலைப்பையும் செய்து முடித்தபின் அடையாளமிடுக. கட்டளைகளைப் பிரதி செய்து ஒட்டாது விரலால் தட்டெழுதுக. கொப்பி ஒன்றில் இடப்பக்கம் செய்ததையும், வலப்பக்கம் நிகழ்ந்ததையும் எழுதுக. மறுநாள் கொப்பியைப் பாராமற் செய்க. பின்னர் மணிக்கூட்டை வைத்துச் செய்க. அதற்காக நூலை ஒதுக்கிவிடற்க. காரணம் அறியாது கட்டளையிடுபவனும் மனனஞ் செய்தவனே. அவன் விரல்களால் மனனஞ் செய்தான், அவ்வளவே.

களவாய் வெளிவந்த வினாத் தொகுப்புகளை விற்போரும் உளர். பரீட்சை வினாக்களை வெளியிடுவதில்லை என்று பரீட்சார்த்திகள் உடன்பட்டே பரீட்சைக்கு அமர்கின்றனர். அவ்வுடன்பாட்டை மீறினாற் பெற்ற சான்றிதழும் பறிபோகலாம். நேர்மையையும் பணத்தையும் ஒருங்கே இழக்கும் வழி அது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை திரைக்குள் அமைத்த கணினி பழுதடைந்தால் வீட்டுக் கணினிக்குத் தீங்கில்லை. பழுதுபடுமுன் இருந்த நிலையைச் சேமித்துவைத்து, நொடியில் மீளும் வசதியும் அதிலுண்டு. எனவே, "உடைத்துவிட்டாயா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள்; "எப்படித் திருத்தினாய்?" என்று கேளுங்கள். அவ்வினாவுக்குப் பிள்ளை தடுமாறாமல் விடை கூறுமாயின், அன்று பரீட்சைக் கட்டணத்தைத் தயங்காமற் செலுத்தலாம்.