முறை யார் கையில்?

பழவேற்காட்டு ஏரி ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் வந்து சேர, உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரத்தை மணல் தூர்க்க, நீர் வற்றி உப்பு ஏறும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வருவதும், வளர்ந்தபின் வெளியேறுவதும் இம்மாறுதலைப் பொறுத்தவையே. ஆகவே நல்ல மீன்பிடி இடங்கள் சில. அவற்றை நாடுவோர் பலர்.

இச்சிக்கலுக்கு அங்குள்ள பட்டினவ மீனவர் கண்ட வழியே ‘பாடு’ முறையாகும். உரிமையுள்ள குடும்பத்தினர் முறை வைத்து, இன்று ஓரிடம், அடுத்து வேறிடம் என மாறி மாறி வலை கட்டுவர். நல்ல இடம் எவருக்கும் நிலையான சொத்தாவதில்லை. வறண்ட இடமும் ஒருவர் தலையிலேயே விழுவதில்லை. இலங்கையின் நீர்கொழும்புக் காயலில் கத்தோலிக்க மீனவர் சங்கங்களும் இத்தகைய முறையைப் பேணி வந்துள்ளன.

இனி, ஏரிக்குத் தெற்கேயுள்ள சென்னைக்கு வருவோம். அங்கே கணினி நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகள் இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. “ஸ்க்ரம் இருக்கிறது அம்மா, பிறகு பேசுகிறேன்” என்று மகன் தொலைபேசியை வைத்துவிட்டால், தாய்க்கு ஒன்றும் விளங்குவதில்லை. அது என்ன?

முன்பெல்லாம் மென்பொருள் செய்வோர் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் திட்டமிட்டுத் தடித்த ஏடுகளில் எழுதிவிடுவர். ஓரிரு ஆண்டுகள் கழித்து வேலை முடியும்போது, கேட்டவரின் தேவையே மாறியிருக்கும். இதைக் கண்டு சலித்த 17 வல்லுநர்கள் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிச் சுருக்கமான அறிக்கையொன்றை வெளியிட்டனர். திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதினும் மாற்றத்துக்கு இசைவதே மேல் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. இவ்வழிக்கு ‘அஜைல்’ என்று பெயர். ஜெஃப் சதர்லாந்து, கென் ஷ்வேபர் இருவரும் 1995-இலேயே அறிமுகப்படுத்திய ‘ஸ்க்ரம்’ இவ்வகையைச் சேர்ந்தது. பத்துப் பேருக்கு மேற்படாத குழு, ஒரு மாதத்துக்கு மிகாத பணித் தவணைகள், நாள்தோறும் பதினைந்து நிமிடக் கூட்டம் என்பன அதன் அமைப்பு. தவணைக்கு ‘ஸ்பிரிண்ட்’ என்று பெயர். அதன் முடிவில் செய்ததைக் காட்டி, அடுத்த தவணையில் எதைத் திருத்தலாம் என்று எல்லாரும் கூடி ஆராய்வர்.

ஏரியின் நீரும் சந்தையின் தேவையும் மாறுபவை. இரு முறைகளும் அம்மாற்றத்தை ஏற்று எழுந்தவை. எனினும் இவற்றின் உயிர்நாடி வேறோரிடத்தில் உள்ளது. பாட்டின் வரிசையை வகுப்பவர் தண்ணீரில் இறங்குபவரே. அஜைல் அறிக்கையோடு சேர்ந்த 12 நெறிகளும் குழு தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்கின்றன. சோர்வின்றி என்றும் தொடரக்கூடிய வேகத்திலேயே வேலை நடக்க வேண்டும் என்கின்றன. நடைமுறையிலோ, பல அலுவலகங்களில் அப்பதினைந்து நிமிடம் மேலாளரின் விசாரணையாகிவிடுகிறது. தவணை, சாட்டையாகிறது. முறையின் பெயர் நிற்கிறது, உரிமை போய்விடுகிறது.

பாடு முறையும் குறையற்றதன்று. வட்டத்துக்குள் இருப்போருக்கு அது நீதி; கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அவ்வட்டத்தில் இடமில்லை. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை வந்தபின் உரிமை பற்றிய பூசல்களும் எழுந்தன. எந்த முறையிலும் ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்று கேட்டுப் பார்ப்பது நன்று.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது, சம்பளத்தை மட்டும் விசாரித்து நின்றுவிடாதீர்கள். “அந்தக் கூட்டத்தில், ‘இந்த வேலை இத்தனை நாளில் முடியாது’ என்று அஞ்சாமல் உன்னால் சொல்ல முடிகிறதா?” என்று கேளுங்கள். முடியும் என்றால், பிள்ளை நல்ல குழுவில் இருக்கிறது என்று மகிழுங்கள். தயங்கித் தலை குனிந்தால், அந்தப் பிள்ளையின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் பற்றி அன்றே அமர்ந்து பேசுங்கள்.