கேப்டன் லட்சுமிக்குச் சிலை: ஆனா தனியா வேணாம்

சிலைன்னாலே நம்ம ஊர்ல உயரமா ஒரு பீடம், கை நீட்டின தலைவர், சுத்தி கம்பிக் கூண்டு. கேப்டன் லட்சுமிக்கும் அதையே செஞ்சா அநியாயம்.

1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி கேட்டதும், நடத்திக்கொண்டிருந்த கிளினிக்கை விட்டுட்டு ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். அந்தப் படையில் பெரும்பாலோர் யார் தெரியுமா? மலாயா தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். பலர் இந்தியாவையே பார்த்ததில்லை. பார்க்காத நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினாங்க!

1945-ல் சிங்கப்பூரில் ஐ.என்.ஏ.வுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினாங்க. திரும்பி வந்த பிரிட்டிஷ் படை வந்த சூட்டோடு அதை இடிச்சுத் தள்ளிடுச்சு. ஒரு கல்லுக்கே அவ்வளவு பயம்.

எங்க செம்பரம்பாக்கத்துலேர்ந்து பூந்தமல்லி வந்து, ஹைரோட்டைப் பிடிச்சு நேரா போனா சென்ட்ரல் பக்கத்துல அவர் படிச்ச கல்லூரி. அந்த வாசல்ல, பீடமோ கூண்டோ இல்லாம, தோட்டத்துப் பெண்களோட அணிவகுப்பில் ஒருவரா அவரை நிறுத்தணும். பஸ் ஜன்னல்லேர்ந்து பார்க்கிற பொண்ணுக்கு, 'இதுல ஒருத்தி எங்க பாட்டி ஜாடை'ன்னு தோணணும்.

என்ன சொல்றீங்க மக்களே?